மானின் மூக்கும் நம் வியர்வையும்: குறைந்த செலவில் உடல் வாடையை அடக்குவது பற்றிய கேள்வி பதில்

மனித வாடை மூக்கில் பட்டால் மான் நெருங்காது; அந்த வாடையை எப்படிக் குறைப்பது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் இங்கிருந்து வெளிநாடு போய்க் குடியேறியவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தோல் பதனிடும் தொழிலில் ஆய்வக வேதியியலராக வேலை பார்த்தவன். சில ஆண்டுகள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசித்தபோது உரிமம் பெற்று வெண்வால் மான் வேட்டைக்கும் சென்றிருக்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம். கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிக்க முயல்வதும்கூட அச்சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதும் குற்றமே. எனவே, உள்ளூர்க் கேள்விகளுக்கு நான் சொல்வதெல்லாம் அனுமதி பெற்று மான்களைப் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மட்டுமே பொருந்தும்.

கேள்வி (சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்): ஐயா, மனித வாடையைப் போக்கும் தெளிப்பான் என்று இணையத்தில் விற்பதன் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால், எதைப் போக்குகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுரக்கும்போது வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அக்குளிலும் பாதத்திலும் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து, எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றும்போதுதான் நெடி பிறக்கிறது. நாள் முழுக்கப் போட்ட காலுறையைக் கழற்றும்போது மூக்கில் ஏறும் நெடிக்கு முக்கியக் காரணமான ஐசோவலெரிக் அமிலம் இந்த வகையைச் சேர்ந்ததே. அமிலத்தின் மீது காரத்தன்மையுள்ள ஆப்ப சோடா பட்டால் அது உப்பாக மாறிவிடும். அந்த உப்பு ஆவியாகாது, ஆவியாகாத பொருளை எந்த மூக்கும் முகர முடியாது. மளிகைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்ப சோடா வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

உடுப்பை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, கடைசியாக அலசும் வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவைக் கரைத்து, அதில் சிறிது நேரம் ஊறவைத்துப் பிழிந்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி நாம் எவ்வளவு குறைபட்டாலும், துணியிலுள்ள பாக்டீரியாவை அடக்குவதில் அது இலவசமாகக் கிடைக்கும் நல்ல உதவி. துணியைப் பளிச்சென்று காட்டும் சோப்புத்தூள்களைத் தவிர்த்துவிடுங்கள். வாசனை ஒருபுறமிருக்க, அவற்றிலுள்ள ஒளிரூட்டிகள் புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியிடுகின்றன, மானின் கண்ணோ நீல நிறத்துக்கு மிகவும் கூர்மையானது.

பை, காலணி, கேமராத் தாங்கி போன்ற துவைக்க முடியாத பொருள்களுக்குத் தெளிப்பான் தேவைப்படும். மருந்துக் கடையில் ‘20 வால்யூம்’ என்று கேட்டால் ஏறத்தாழ 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். அதில் 250 மில்லியை முக்கால் லிட்டர் சுத்திகரித்த குடிநீரில் கலந்து, 50 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்தால், அமெரிக்க வேட்டைக்காரர்கள் வீட்டில் தயாரிக்கும் கலவைக்கு இணையாகிவிடும். கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அடர்நிறத் துணி வெளுக்கும் என்பதால் முதலில் ஓரத்தில் தெளித்துப் பாருங்கள். இந்தக் கலவையிலிருந்து ஆக்சிஜன் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். பாட்டிலை இறுக மூடி வைத்தால் அது உப்பி வெடிக்கக்கூடும். அவ்வப்போது கொஞ்சமாகக் கலந்து, மூடியைத் தளர்த்தி வைத்து, சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவதே சரி. இதோடு வினிகரையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு நுரைத்து அடங்கிவிடும், உங்களுக்கு மிஞ்சுவது உப்புத்தண்ணீர்தான்.

கேள்வி (ஆற்காட்டைச் சேர்ந்தவர், இப்போது பென்சில்வேனியாவில்): இந்த ஆண்டு முதல் முறையாக உரிமம் வாங்கியிருக்கிறேன். கரித்தூள் பொதிந்த வாடை தடுப்பு உடுப்பு வாங்குவது நல்லதா?

பதில்: பணம் மிச்சம் இருந்தால் வாங்குங்கள், வாடைக்குப் பயந்து வாங்க வேண்டாம். கிளர்வூட்டிய கரி வாடை மூலக்கூறுகளைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால், துளைகள் நிரம்பிய பிறகு அதை முழுமையாகப் புதுப்பிக்கத் தொழிற்சாலைகளில் பல நூறு டிகிரி வெப்பம் கொடுக்கிறார்கள். வீட்டு உலர்த்தி 100 டிகிரியைக்கூட எட்டாது. 2002இல் ஜான் ஷிவிக் என்ற ஆய்வாளர் இத்தகைய உடுப்பு அணிந்தவர்களை ஒளியவைத்துத் தேடுதல் நாய்களை ஏவிப் பார்த்தார். உடுப்பு இருந்தும் நாய்கள் பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டன. உடுப்பு மறைப்பது உடலை மட்டுமே. மூச்சும் முகமும் தலைமுடியும் வெளியே இருக்கின்றன அல்லவா?

அந்த ஊர்க் குளிருக்கு உடம்போடு ஒட்டிய உள்ளுடுப்பாகக் கம்பளி நூல் ஆடையை அணியுங்கள். பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பாலியெஸ்டரில் வியர்வை வாடை சீக்கிரம் ஏறி, துவைத்தாலும் லேசில் போகாது. கம்பளியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. வேட்டை உடுப்பை வீட்டிலேயே போட்டுக்கொண்டு காரில் ஏறாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து எடுத்துச்சென்று இறங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் பெட்ரோல் நிரப்பும்போதும் காபிக் கடையில் நிற்கும்போதும் துணியில் ஏறும் வாடை, நீங்கள் இரவெல்லாம் செய்த சுத்தத்தை வீணாக்கிவிடும்.

கேள்வி (ஏலகிரி அடிவாரம், ஜோலார்பேட்டை பக்கம்): காற்றைப் பார்த்து உட்கார வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலைப்பகுதியில் காற்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்புகிறதே, என்ன செய்வது?

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சோப்பும் சோடாவும் வாடையைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. மிஞ்சும் வாடை மான் இருக்கும் பக்கம் போகாமல் வேறு பக்கம் போகும்படி நீங்கள் உட்காரும் இடம்தான் முக்கால் பங்கு வேலையைச் செய்கிறது, அதற்குக் காலணாச் செலவில்லை.

சமவெளியில் கணக்கு எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வரும். மான் வரக்கூடிய இடத்திலிருந்து உங்கள் முகத்தை நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். பக்கவாட்டில் அடித்தாலும் சமாளிக்கலாம், முதுகில் அடித்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இந்தப் பருவக்காற்றோடு மலைச்சரிவின் காற்றும் சேர்ந்துகொள்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, ஓடைப் பள்ளங்களின் வழியே தண்ணீர் ஓடுவதுபோலவே கீழ்நோக்கிப் போகும். சூரியன் ஏறிச் சரிவு சூடாகத் தொடங்கியதும், இறங்கிய காற்றே மேலே ஏறத் தொடங்கும். எனவே, விடியற்காலையில் ஓடைக்கரைக் குட்டைக்கு வரும் மானைப் பார்க்கக் குட்டைக்கு மேற்புறச் சரிவில் உட்கார்ந்தால், உங்கள் வாடை நேரே தண்ணீருக்கு இறங்கிவிடும். குட்டையைத் தாண்டிக் கீழ்ப்புறம் சற்று ஒதுங்கி உட்காருங்கள். வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகும், அப்போது மேற்புறம்தான் பாதுகாப்பு. காற்று இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கு மாறும் அந்த இடைவேளையில்தான் நீங்கள் சொல்லும் சுழற்சி நடக்கிறது. அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் பிடிபடுவீர்கள் என்பதால் இடம் மாறாமல் அசையாமல் இருந்துவிடுவதே நல்லது. மாலையில் நிழல் விழுந்த சரிவில் முதலில் இறக்கம் தொடங்கும்; ஆனால், நம் மலைகளின் மொட்டைப் பாறைகள் கோடையில் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்திருப்பதால், அவை ஆறும்வரை அந்த இறக்கம் தாமதமாகும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றைப் பார்ப்பதற்கு அமெரிக்காவில் எருக்கின் உறவுச் செடியொன்றின் விதைப்பஞ்சைப் பயன்படுத்துவார்கள். நமக்கு எருக்கே தெருவோரத்தில் நிற்கிறது. முற்றி வெடிக்கப்போகும் எருக்கங்காயைப் பறித்து, பாலில்லாமல் நன்றாகக் காயவைத்து, ஒரு சிறு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதால் பறித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு இழையை விரல் நுனியிலிருந்து விட்டுப் பாருங்கள். பவுடரைத் தூவினால் கைக்கெட்டும் தூரத்திலேயே கலைந்துவிடும்; எருக்கம்பஞ்சு இழையோ பளபளத்துக்கொண்டு வெகுதூரம் மிதந்துபோய், உங்கள் முன்னால் நேராகப் போகும் காற்று அந்தப் புளியமரத்துக்கு அருகே இடப்பக்கம் திரும்பிப் பள்ளத்தில் இறங்குகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடும். உங்கள் வாடையும் அதே வழியில்தான் போகிறது.

கேள்வி (ஆம்பூர், காலணித் தொழிற்சாலை ஊழியர்): நாங்கள் செய்யும் தோல் பூட்ஸையே காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: தோலை நான் குறைத்துப் பேசுவேனா? ஆனால், இந்த வேலைக்கு அது ஆகாது. பதனிடும்போது மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்களின் வாடை அதில் தங்கியிருக்கும்; அதோடு உங்கள் கால் வியர்வையையும் அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, நடந்த பாதை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகும். முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட் மலிவு, கழுவலாம், பாம்புக்கும் ஓரளவு பாதுகாப்பு. புதிய ரப்பரின் நெடி போகச் சில நாள் வெளியில் வைத்துவிட்டு, உள்ளே சோடாத் தூளைத் தூவிக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போகக் கூடாது.

கேள்வி (வாணியம்பாடி): பூண்டு, மசாலா, பிரியாணி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: முந்தின நாள் மட்டும் பூண்டையும் பச்சை வெங்காயத்தையும் தவிர்த்தால் போதும், பூண்டின் கந்தகச் சேர்மம் ஒன்று இரத்தத்தில் கலந்து மூச்சில் நெடுநேரம் வந்துகொண்டிருக்கும். பீடி, வாசனைத் தேங்காயெண்ணெய், பவுடர், தலையில் வைத்த மல்லிகை ஆகியவை பிரியாணியைவிடப் பெரிய தொல்லை.

கேள்வி (திருவலம்): மாட்டுச் சாணம் அல்லது ஆட்டுப் புழுக்கையைத் துணியில் தடவிக்கொண்டால் மனித வாடை மறையாதா?

பதில்: மறையாது. மான் ஒரு வாடையோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்வதில்லை. ‘சாணமும் மனிதனும்’ என்று இரண்டையும் தனித்தனியாக முகரும். அமெரிக்காவில் நரி மூத்திரம், மான் மூத்திரம் என்று புட்டியில் அடைத்து விற்பதும் இதே நம்பிக்கையில்தான். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்ட மான்களின் தேய்வு நோயைப் பரப்பும் பிரியான் புரதம் மூத்திரத்திலும் வெளியேறுவதால், பல மாநிலங்கள் இயற்கை மான் மூத்திரத்தைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன. காசு கொடுத்து வாங்கக் கூடாத பொருள் இது.

கேள்வி (பேரணாம்பட்டு): எங்கள் பக்கம் மான் பார்க்கப் போகும்போது வாடையை எந்த அளவுக்குக் குறைக்கலாம்?

பதில்: உங்கள் பக்கம் குறைக்கவே வேண்டாம் என்பேன். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் காடுகளுக்கு யானைகள் வந்துபோகின்றன. ஆப்பிரிக்க யானைக்கு மோப்ப உணர்விகளுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 இருப்பதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இது நாய்க்கு இருப்பதைப்போல் இருமடங்குக்கும் அதிகம். ஆசிய யானையின் மோப்பமும் சளைத்ததல்ல. தூரத்திலேயே மனித வாடை கிடைத்தால் யானை பெரும்பாலும் விலகிப் போய்விடும். நீங்கள் வாடையை அடக்கி, எதிர்க்காற்றில், புதருக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால், யானை உங்களை அறிவது இருபது அடி தூரத்தில்தான். திடுக்கிட்ட யானையும், திடுக்கிட்ட கரடியும் ஓடுவதற்குப் பதில் தாக்கக்கூடியவை. மான் படம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. வனக்காவலர் ஒருவர் துணையில்லாமல் அங்கே மறைந்து உட்காராதீர்கள்.

கேள்வி (ஒடுகத்தூர், விவசாயி): ஐயா, எல்லோரும் மான் கிட்டே வர வழி கேட்கிறார்கள். எனக்கு அது கிட்டே வராமல் இருக்க வழி சொல்லுங்கள். துவரையும் கடலையும் மிஞ்சுவதில்லை.

பதில்: மேலே சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டால் உங்களுக்கான பதில். முடிதிருத்தும் கடையிலிருந்து தலைமுடியை வாங்கி வந்து வரப்பில் போடுவது சில நாள் பலன் தரும். ஆள் வராமல் வாடை மட்டும் வருகிறது என்று தெரிந்ததும் மான் பழகிவிடும். அதைவிட மேலானது முட்டைக் கரைசல். அழுகிய முட்டையிலிருந்து கிளம்பும் கந்தக நெடி, செத்த விலங்கின் நெடிபோல இருப்பதால் மான் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கிறது. அமெரிக்காவில் மான் விரட்டியாகப் பதிவு செய்து விற்கும் பல மருந்துகளின் மூலப்பொருள் முட்டையே. நான்கு முட்டைக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் விட்டு அடித்து, நெடி கிளம்பும்வரை ஓரிரு நாள் மூடி வைத்து, தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளாதபடி துணியில் வடிகட்டி, மான் நுழையும் ஓரத்து இரண்டு மூன்று சால்களில் மட்டும் இலை நனையத் தெளியுங்கள். பறித்து அப்படியே சமைக்கும் கீரை, காய்கள் மீது தெளிக்க வேண்டாம். காய்ந்தபின் லேசான தூறலுக்குத் தாங்கும். பெருமழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் ஒரு முறை. காற்று காட்டுப்பக்கமாக வீசும் மாலையில் தெளித்தால் அன்றிரவே மானுக்குச் செய்தி போய்விடும். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சும் யோசனை மட்டும் வேண்டாம்; அது மானை மட்டுமல்ல, மடை திருப்ப வரும் மனிதனையும் கொல்லும், சட்டமும் விடாது. சேதமான பயிரைப் படம் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்தால் இழப்பீடு கேட்கலாம். அடங்கல் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.