பேண்ட் வராத ப்ளொட்: முதலில் செகண்டரியைப் பாருங்கள்

உங்கள் வெஸ்டர்ன் ப்ளொட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் தேடும் முறை) பேண்ட், அதாவது புரதக் கோடு, வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பொன்சோ என்ற சாயத்தில் புரதம் சிவப்பாகத் தெரிகிறது, ஆனால் ஒளியூட்டும் ஈசிஎல் கரைசலை ஊற்றினால், ஒப்பீட்டுக்குப் பார்க்கும் அக்டின் புரதம்கூட வரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சவ்வுக்கு மாற்றும் ட்ரான்ஸ்ஃபரைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் புரதத்தில் ஒட்டும் முதல் பிறபொருளெதிரியான பிரைமரியையும் இப்போதைக்கு விடுங்கள், அதுவும் அக்டினின் பிரைமரியும் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: கொழும்பிலிருந்து வந்துசேரத் தாமதமாகிறது என்று, கரைத்த செகண்டரியில் (பிரைமரியில் ஒட்டும் இரண்டாவது பிறபொருளெதிரி) கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் அசைட் போட்டு வைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறீர்கள். பிரைமரியில் அது பரவாயில்லை, கழுவும்போது போய்விடும். ஈசிஎல்லை ஒளிரச்செய்யும் எச்ஆர்பி நொதி ஒட்டிய செகண்டரியில் கூடவே கூடாது. வழமையாகச் சேர்க்கும் 0.02 சதவீதமே அந்த நொதியை முடக்கிவிடும்.

சோதிப்பது சுலபம். சின்னக் குழாயில் ஈசிஎல்லின் இரண்டு கரைசல்களையும் கலந்து, லைட்டை அணைத்துவிட்டு, கரைக்காத மூலச் செகண்டரியிலிருந்து 1 மைக்ரோலீட்டர் அதில் விடுங்கள். நீலமாக மின்னினால் ஈசிஎல்லும் எச்ஆர்பியும் நல்லம். மின்னாவிட்டால் புது ஈசிஎல்லோடு இன்னொருமுறை. மின்னியும், அசைட் இல்லாமல் புதிதாகக் கரைத்தும் ப்ளொட் வெறுமையென்றால், பிரைமரி எடுத்த விலங்கினத்துக்குச் செகண்டரி பொருந்துகிறதா பாருங்கள், முயல் பிரைமரிக்கு முயலுக்கெதிரான செகண்டரிதான் வேண்டும்.

செகண்டரியை அன்றன்றைக்குக் கரையுங்கள். மூலக் கரைசலைக் கம்பனித் தாள் அனுமதித்தால் 50 சதவீத கிளிசரோலில் −20 பாகையில் வையுங்கள், உறையாது. உங்கள் வந்தாறுமூலையில் கரண்ட் போய்வந்தாலும் உறைந்து உருகும் தொல்லை குறையும். அப்புறம், அந்த அசைட் கரைசலைச் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், ஈய, செப்புக் குழாய்களில் வெடிக்கும் உப்பு உண்டாகும்.