பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த கிளட்ச்? டர்பனிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைதான் எனக்குத் தொழில். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை. ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரையே தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள், புது கிளட்ச் எதைப் போடுவது என்று கேட்கிறார்கள். வண்டி விவரத்தைத் தெளிவாக எழுதியவர்களுக்கு முதலில் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: அண்ணே, என்னிடம் இருப்பது கோல்ஃப் 5 ஜிடிஐ, மேனுவல். 2,10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பீல்ட்ஸ் ஹில் ஏறும்போது ஐந்தாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. இன்ஜினில் எதையும் மாற்றவில்லை. ஸ்டேஜ் 2 கிளட்ச் போட்டால் ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்வது கிளட்ச் ஸ்லிப்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்போது கழற்றப் போவது கம்பெனியில் போட்ட கிளட்சே என்றால், அது இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைத்திருக்கிறது. அதைப் பலம் போதாத கிளட்ச் என்று எப்படிச் சொல்வது? உங்கள் இன்ஜினின் டார்க், அதாவது சுழற்றும் பலம், 280 நியூட்டன் மீட்டர். லூக் அல்லது சாக்ஸ் தயாரிப்பில், கம்பெனி அளவிலேயே வரும் ஆர்கானிக் பிளேட் (சாதாரண, மென்மையான உராய்வுப் பொருள் ஒட்டியது) உள்ள கிட்டை வாங்குங்கள். அது போதும்.

ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்பதற்கெல்லாம் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைக்கிற பெயர் அது. பிடிமானத்தைக் கூட்ட அவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டே காரியம். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கைப் பலமாக்குவார்கள், அல்லது பிளேட்டில் கடினமான உராய்வுப் பொருளை ஒட்டுவார்கள். ஸ்பிரிங் பலமானால் பெடல் கனக்கும். மாலை ஐந்து மணிக்கு என்2 நெடுஞ்சாலையில் நகர்ந்து நகர்ந்து வரும்போது உங்கள் இடது முழங்காலுக்கு அது தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளுகிறது. அந்த விசை பிளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) வழியாக இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் போகிறது. அதைத் தாங்குவது இன்ஜினுக்குள் இருக்கும் மெல்லிய திரஸ்ட் பேரிங். இரண்டு லட்சம் கிலோமீட்டர் பார்த்த இன்ஜினில் அதுவும் பழசுதானே? அதன் மேல் கூடுதல் பாரத்தைப் போட்டு, ரோபோட்டில், அதாவது டிராஃபிக் சிக்னலில், சிவப்பு விழும்போதெல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டே நின்றால், கிளட்ச் தாங்கும், இன்ஜின் தாங்காது. பழைய வண்டிக்குக் கிளட்ச் வாங்கும்போது, அதோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் பழைய பாகங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிச்சமாகும் காசை வீணாக்காதீர்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கைப் புதிதாகப் போடுங்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் அதையும் மாற்றிவிடுங்கள். புது பிளேட்டில் அந்த எண்ணெய் பட்டுவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கிளட்சும் ஸ்லிப் ஆகும்.

பீனிக்ஸ்: என்னுடையதும் அதே வண்டிதான் அண்ணே. ஆனால் நான் இன்ஜினை ரீமேப் செய்து, கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றிப் பலத்தைக் கூட்டியிருக்கிறேன். இப்போது 350 நியூட்டன் மீட்டர் தாண்டுகிறது. எனக்கும் கம்பெனி கிளட்ச்தானா?

இல்லை, உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு ஒரு படி மேலே போகத்தான் வேண்டும், ஆனால் ஒரே ஒரு படி. முழு வட்ட ஆர்கானிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங் உள்ள ஹப், கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட். சாக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் வரிசையில் இப்படிக் கிடைக்கும். வாங்கும்போது எத்தனை குதிரைசக்தி தாங்கும் என்று கேட்காதீர்கள், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேளுங்கள். உங்கள் உச்ச டார்க்குக்கு மேல் 15 முதல் 25 சதவீதம் கூடுதலாக இருந்தால் சரி. 600 நியூட்டன் மீட்டர் தாங்குவதை வாங்கி, அந்தக் கடினத்தை தினமும் வேலைக்குப் போகும் வழியில் சுமப்பதில் ஒரு பயனும் இல்லை.

மெரேபாங்க்: ஐயா, நான் ஜிடிஐ ஓட்டுகிறேன். ஒர்க்ஷாப்பில் டூயல் மாஸ் பிளைவீலையும் மாற்றச் சொல்கிறார்கள். கிளட்சைவிட அதன் விலைதான் அதிகம். இல்லாவிட்டால் ஒற்றைப் பிளைவீலாக மாற்றித் தருகிறோம், மலிவு என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன் அம்மா, ஆனால் காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். டூயல் மாஸ் பிளைவீலில் இரண்டு வட்டுகள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். இன்ஜினின் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் அவை விழுங்குகின்றன. கழற்றியதும் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பிறகு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு அசையலாம் என்று தயாரிப்பாளர் அளவு கொடுத்திருப்பார். அதைத் தாண்டினாலோ, ஓரத்தில் கிரீஸ் கசிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். உராயும் முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அது சூட்டில் வெந்தது. சாதாரணப் பிளைவீல் என்றால் கடைசல் பிடித்து முகத்தைச் சீராக்கலாம், டூயல் மாஸில் அது பொதுவாகக் கூடாது.

ஒற்றைப் பிளைவீல் ஓடாது என்பதில்லை. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும், கிளட்சை மிதித்தால் நிற்கும். அந்த அதிர்வு முழுவதும் கியர்பாக்ஸுக்குத்தான் போகிறது. தினமும் ஓட்டும், வயதான வண்டிக்கு நான் அதைப் போட மாட்டேன். பழைய பிளைவீலை வைத்து மூடிவிட்டு அது ஆறு மாதத்தில் போனால், கியர்பாக்ஸை இறக்கும் கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். சந்தேகமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்: அங்கிள், டொயோட்டா 86, 1,60,000 கிலோமீட்டர். தினமும் ஆபீஸ், எப்போதாவது கியாலாமி ரேஸ் டிராக்கில் டிராக் டே. செராமிக் கிளட்ச் போட ஆசை.

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் உங்கள் ஊரையும் பாருங்கள். உங்கள் இன்ஜினின் டார்க் 205 நியூட்டன் மீட்டர்தான், டர்போவும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அந்த 205-ம் முழுதாக வராது. கம்பெனி கிளட்சுக்கே அங்கே வேலை சுலபம். டிராக்கிலும் ஓடத் தொடங்கிவிட்டால் கியர் மாற்றும் நேரம் தவிர கிளட்சுக்குச் சிரமம் இல்லை. கிளட்சைத் தின்பது நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்புவதும், மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிற்பதும்தான்.

செராமிக் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும், பாதி பிடி என்பதே அதில் அரிது. டிராஃபிக்கில் ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி உதறும். எக்ஸெடியின் கம்பெனி அளவு ஆர்கானிக் கிட் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் டிராக்குக்கு நல்ல பிரேக் பேட், பிரேக் ஆயில் வாங்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நிசான் 370இசட். டவுன் ஹில் என்ற மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பெடல் கீழே போய் மேலே வருவதில்லை. கிளட்ச் போச்சு என்கிறார் மெக்கானிக்.

கிளட்ச் பிளேட் போனால் வண்டி ஸ்லிப் ஆகும், பெடல் தரையில் ஒட்டிக்கொள்ளாது. இது பெரும்பாலும் ஹைட்ராலிக் கோளாறு. பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி கிளட்சை விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர். அந்த வண்டியில் அது கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கிறது, அது கசிவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டம் குறைகிறதா, நிறம் கருத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்லேவை மாற்ற கியர்பாக்ஸ் இறங்கியே தீர வேண்டும் என்பதால், நிறைய ஓடிய வண்டி என்றால் கிளட்ச் கிட்டையும் அப்போதே போட்டுவிடுவது லாபம்.

டோங்காட்: ஸ்கிராப்யார்டில் நல்ல நிலையில் ஒரு கிளட்ச் கிடைக்கிறது, வாங்கலாமா?

வாங்காதீர்கள். இறக்கி ஏற்றும் கூலி புதுசுக்கும் பழசுக்கும் ஒன்றுதான்.

பீனிக்ஸ், இன்னொருவர்: அண்ணே, பிஎம்டபிள்யூவுக்கு எந்த ஒர்க்ஷாப்பிலும் கிளட்ச் போடலாமா?

பல பிஎம்டபிள்யூ மாடல்களில் தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பிரஷர் பிளேட் வரும். அதை அதற்கான கருவியால் அழுத்திப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். வெறுமனே போல்ட்டை முறுக்கினால் உள்ளே இருக்கும் வளையம் முதல் நாளே நகர்ந்துவிடும். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

சாட்ஸ்வொர்த், இன்னொருவர்: புது கிளட்ச் போட்டு இரண்டு நாள் ஆகிறது. லேசாக வாடை வருகிறது, கிளம்பும்போது கொஞ்சம் உதறுகிறது. பயப்படலாமா?

லேசான வாடை புதுசில் வரும். பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று படிய வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நின்று நின்று ஓட்டுங்கள். சீறிக் கிளம்ப வேண்டாம், டிரெய்லர் இழுக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டும் தூரம் இந்தக் கணக்கில் சேராது, ஏனென்றால் அங்கே கிளட்சுக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகும் உதறல் நின்றபாடில்லை என்றால் மாட்டியவரிடமே போய், புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தாரா, கிரீஸ் கையோடு பிளேட்டைப் பிடித்தாரா என்று கேளுங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் அந்த ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல்தான் வரும்.