வேன் கூரை ஏசி ஒழுகினால் சிலிக்கானா மருந்து?

கேள்வி: டிராவலர் வேன் ஒன்றை, குடும்பத்தோடு வெளியூர் போய்த் தங்குகிற மாதிரி கேம்பராக மாற்றியிருக்கிறேன். கூரையில் ஏசி மாட்டினோம். ஐப்பசி மழையில் உள்ளே சொட்ட ஆரம்பித்தது. சுற்றிலும் சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை. கழற்றி மறுபடி மாட்ட வேண்டுமா? – வாசகர், திருநகர், மதுரை.

பதில்: அநேகமாக கழற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் முதலில், சொட்டுவது மழைத் தண்ணீரா, ஏசித் தண்ணீரா என்று பாருங்கள். மழை இல்லாத நாளில் இரண்டு மணி நேரம் ஏசியை ஓட்டுங்கள். அப்போதும் சொட்டினால், காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை என்று அர்த்தம். வேப்பமரத்து நிழலில்தானே நாம் வண்டியை நிறுத்துகிறோம்! சருகும் புழுதியும் சேர்ந்து ஏசியின் அடித்தட்டில் உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடும். மேல்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் இப்படி ஆகும்.

நீங்கள் அடித்த சிலிக்கானே இதற்குக் காரணமாகவும் இருக்கலாம். இந்த வகை ஏசிகள் பெரும்பாலும் தங்கள் தண்ணீரை அடித்தட்டின் வழியாகக் கூரை மேல்தான் விடும். அது ஓரமாக வழிந்து போக வேண்டும். ஏசியைச் சுற்றி இடைவெளியில்லாமல் பூசிவிட்டால் தண்ணீர் அடியிலேயே தேங்கி, உள்ளே இறங்க வழி தேடும். மழையைத் தடுக்க வேண்டியது, ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் அமுங்கி உட்காரும் சதுர ஃபோம் வளையமான கேஸ்கெட். வெளியே பூசுகிற பூச்சுக்கு அந்த வேலை கிடையாது.

மழையில் மட்டும் சொட்டினால், ஏசி மேல் பழி போடுமுன் கேரியர் போல்ட், ஒயர் நுழையும் துளை, கூரைத் தகடுகளின் இணைப்பு எல்லாவற்றையும் பாருங்கள். எங்கோ நுழைந்த தண்ணீர், தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓடி வந்து ஏசி ஓட்டையில் எட்டிப் பார்க்கும்.

சரி, கேஸ்கெட்தான் என்று முடிவானால் கழற்றுங்கள். பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் தகட்டால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதன் மிச்சத்தின் மேல் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. வினிகர் வாடை வீசுகிற சிலிக்கான் என்றால் இரும்பையும் அரிக்கும். ஏசிக்காகக் கூரையில் வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேய்த்து, ஜிங்க் பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள்.

பெரும்பாலும் கோளாறு கூரையின் வடிவத்தில்தான் இருக்கும். வேன் கூரைத் தகடு மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். கேஸ்கெட் மேட்டில் உட்காரும், பள்ளத்தில் உட்காராது. அந்த இடைவெளியில் தண்ணீர் சுலபமாக நுழையும். அலுமினியத்திலோ ஃபைபரிலோ ஒரு தட்டையான சட்டம் செய்து, பாலியூரித்தேன் சீலன்ட்டால் பள்ளங்களை நிரப்பி அதன் மேல் பதியுங்கள். ஒரு முழு நாளாவது காயட்டும். வெயில் ஏறினால் தகட்டில் கை வைக்க முடியாது, சீலன்ட்டும் பூசப் பூசத் தோல் கட்டும். அதனால் விடியற்காலையில் செய்யுங்கள்.

உள்பக்கமும் முக்கியம். ஏசி 30 முதல் 45 கிலோ வரை இருக்கும். தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் இல்லையென்றால், போல்ட்டை முடுக்க முடுக்கத் தகடு கீழே இறங்கும். அப்புறம் ஏசியைச் சுற்றிக் குளம் கட்டும். கூரையின் குறுக்குச் சட்டங்களை எக்காரணம் கொண்டும் வெட்ட விடாதீர்கள்.

கேஸ்கெட் புதிதாக வாங்குங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தை மாதிரி, அமுங்கிப்போனது திரும்ப எழும்பாது. அதைக் கூரை மேல் பதித்த தட்டையான சட்டத்தில் எதுவும் பூசாமல் வைத்து, ஏசியை நேராக மேலிருந்து இறக்குங்கள். கூரையில் இழுத்தால் கேஸ்கெட் கிழியும். உள்ளேயிருந்து நான்கு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு அங்குல கேஸ்கெட் ஏறக்குறைய அரை அங்குலம் ஆனால் போதும். உங்கள் ஏசியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வலுவுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று சுற்றினால் அடித்தட்டு வளையும், கேஸ்கெட் பிதுங்கும். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்பு வண்டி, 230 வோல்ட், சொட்டுகிற தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. ஒழுகல் நிற்கும்வரை வெளியிலிருந்து ஒயர் இழுத்து எடுக்கும் கரன்ட்டில் ஏசியை ஓட்டாதீர்கள். நான் மேலே சொன்ன சோதனையையும், எர்த்தும், கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சரியாக இருக்கின்றனவா என்று எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே செய்யுங்கள். வண்டியில் செய்த மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்; 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

வேலை முடிந்ததும் சீலிங் மூடியை உடனே மாட்டிவிடாதீர்கள். ஓட்டையின் நான்கு பக்கமும் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிவிட்டு, ஏசியை நிறுத்தி வைத்து, கூரையில் மட்டும் ஹோஸால் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். எந்தப் பக்கத்துத் தாள் நனைகிறதோ, அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும்.