சீயக்காயைப் பர்மியப் பெயரில் கேளுங்கள்

பர்மாவில் மழை பிடித்து ஒரு மாதமாகிறது. வந்திருக்கும் கேள்விகளிலும் பாதி அழுகல், பாதி பூசணம். ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம் மாடி பால்கனியில் கறிவேப்பிலை வைக்கிறேன். வெயில் காலம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு மழையில் மஞ்சளாகிச் செத்துப்போகிறது. மூன்று வருஷத்தில் மூன்று செடி. உரம் போட்டும் பயனில்லை. (தாமுவே, ரங்கூன்)

மூன்றுக்கே மனம் உடைந்துவிட்டீர்கள். நான் கொன்ற கணக்கு ஐந்து. அவற்றில் ஒன்றுகூட வெயிலில் சாகவில்லை, எல்லாம் தண்ணீரில்தான். கறிவேப்பிலை காய்ந்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், வேர் நாள்கணக்கில் ஊறிக் கிடப்பதைப் பொறுக்காது. ரங்கூனில் வருஷத்துக்குப் பெய்யும் ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சென்னை மழையைப்போல அது இரண்டு பங்கு. ஊரில் அத்தை வீட்டுக் கொல்லையில் செய்ததை இங்கே தொட்டியில் செய்தால் எப்படிச் சரிவரும்?

தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை இன்றைக்கே எடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணலோ உடைத்த செங்கல் தூளோ இருக்கட்டும். மழை நேராக விழாத, ஆனால் வெளிச்சம் வருகிற ஓரமாகப் பாருங்கள். மஞ்சளான செடிக்கு உரம் போடவே வேண்டாம். அழுகத் தொடங்கிய வேர் அதை எடுத்துக்கொள்ளாது.

இன்னொன்று. இலைமேல் குருவி எச்சம்போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீளும், ஒரு கெட்ட வாடையும் வரும். எலுமிச்சையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கறிவேப்பிலை, எலுமிச்சை, விளா, நாம் கன்னத்தில் பூசும் தனக்கா எல்லாம் ஒரே குடும்பம் என்பது பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது. கையால் எடுத்துப் போடுங்கள். மருந்து அடித்தால் அது உங்கள் ரசத்துக்குத்தான் வந்து சேரும்.

புதுக் கன்று வேண்டுமென்றால் சந்தையில் ‘பிந்தோதேன்’ என்று கேளுங்கள். விதையில் போடுவதானால் கறுத்த பழமாக எடுத்து, சதையைக் கழுவி, அந்த வாரமே ஊன்றிவிட வேண்டும். காய்ந்த விதை முளைக்காது.

ஷான் தோஹூ வீட்டில் செய்தால் கஞ்சியாகவே நிற்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டும் உறையவில்லை. (பெகு)

எலுமிச்சைச் சாறு விட்டது ஏன் என்று புரிகிறது. பெயரைப் பார்த்து சோயா தோஃபு என்று நினைத்துவிட்டீர்கள். சோயாப் பாலைத் திரிய வைக்க உப்பு நீரோ புளிப்போ வேண்டும். ஷான் தோஹூவில் திரிவது என்ற பேச்சே இல்லை. இது கடலைமாவுக் களி. மாவிலுள்ள மாச்சத்து வெந்து, ஆறும்போது இறுகுகிறது. மோர்க்களி கிண்டத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

ஒரு கப் கடலைமாவுக்கு மொத்தம் மூன்று கப் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் கால் ஸ்பூன் மஞ்சள் தூளும் போட்டு இராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் மாவு அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்திருக்கும். கலக்கிவிடாதீர்கள். நுரையை வழித்துவிட்டு, மேல்நீரை மட்டும் அடிகனமான சட்டியில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் அடி மாவைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கெட்டியாகிவிடும். எல்லோரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். கெட்டியானதும் வெந்துவிட்டது என்று இறக்கினால் பச்சை வாடையும் இருக்கும், துண்டும் உடையும். தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிஷம் கிண்டுங்கள். ‘பொளக் பொளக்’ என்று எரிமலைக் குழிபோல வெடிக்கும், கையில் தெறித்தால் கொப்புளம்தான், நீளக் கரண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு மினுமினுத்து, கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் திரையாக விழ வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அன்றைக்குச் சாப்பிடுவதைப் புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த எள், மிளகாய் போட்டுப் பிசையலாம். மறுநாள் மிஞ்சுவதை மெல்லிசாக நறுக்கிப் பொரியுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சுவதற்காகவே இரண்டு கப் போடுவோம்.

டன்யின் கொட்டை சாப்பிட்ட பிறகு என் கணவருக்கு அடிவயிறு பிடித்து இழுத்தது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தேன், மறுநாள் சரியானது. எவ்வளவு வேகவைத்தால் ஆபத்தில்லை? (இன்செய்ன்)

நல்ல காலம், சரியானது. அடுத்த முறை சாறு பிழிந்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். டன்யின் என்ற அந்த மரக்கொட்டையில் ஒரு அமிலம் இருக்கிறது. அது சிறுநீரில் ஊசி ஊசியான படிகமாகி, வழியைக் கீறி அடைத்துவிடும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பழுதாகுமளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது.

தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. ஒருவர் பத்துக் கொட்டை தின்று ஏப்பம் விடுவார், இன்னொருவருக்கு இரண்டே போதும். ஒருமுறை இப்படி வந்தவர் இனி தொடவே வேண்டாம். நாப்பிக்கு, அந்த மீன் விழுதுக்கு, தொட்டுக்கொள்ள மாவிலைத் தளிர் இல்லையா, கத்தரிப் பிஞ்சு இல்லையா?

வீட்டுக்கு எதிரே சாக்கடையோரம் வல்லாரை மண்டிக் கிடக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் துவையல் அரைத்துக் கொடுக்கலாமா? (மோல்மேன்)

சாக்கடையோரத்து வல்லாரையைப் பறிக்காதீர்கள். அது நிற்கும் தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம்போன்ற உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது. ஒரு கணு பிடுங்கி வந்து நல்ல மண்ணில் நடுங்கள், பழைய இலையைக் கிள்ளி எறியுங்கள், அங்கே புதிதாக வரும் இலையைச் சாப்பிடுங்கள்.

பிடுங்கும்முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வல்லாரையில் காம்பு சேரும் இடத்தில் வெட்டு இருக்கும், குதிரைக் குளம்பு மாதிரி. பர்மியரும் ‘மியின்குவா’, அதாவது குதிரைக் குளம்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காம்பு இலையின் நடுவில் குடைபோலச் சேர்ந்திருந்தால் அது வேறு செடி.

பரீட்சை விஷயம்: நாலு நாள் துவையலில் கணக்கு வராது. ருசிக்காகக் கொடுங்கள். வறுத்த நிலக்கடலை, வெங்காயம், எலுமிச்சை போட்டுப் பிசைந்து ‘மியின்குவா தொவ்’ என்கிற பச்சைக் கலவையாகச் செய்தால் பிள்ளை தானாகத் தின்னும். மாத்திரை, பொடி என்று அடர்த்தியாக விற்பதைக் கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் சீயக்காய். இங்கே கிடைக்காதா? (மாந்தலேயிலிருந்தும் இன்னும் மூவரும்)

நாலு பேர்! நீங்கள் ‘கின்புன்’ என்று கேட்டதே இல்லையா? சீயக்காயும் கின்புனும் ஒரே கொடி. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் பர்மியர் தலை கழுவும் ‘தயோ கின்புன்’ அதுதான். ரங்கூனில் தெய்ன்ஜி சந்தையில், நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்பார்களே, அங்கே நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த காயாகவே கிடைக்கும்.

தயோ என்பது ஒரு மரப்பட்டை. ஊறவைத்துக் கசக்கினால் செம்பருத்தி இலைபோலக் கொழகொழவென்று வரும். நாம் சீயக்காயோடு வெந்தயம் சேர்க்கிறோமே, அந்த வேலையைப் பட்டை செய்துவிடுகிறது. பத்துக் காயை உடைத்து, விதை நீக்கி, கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். பட்டையைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, இரண்டையும் சேர்த்து வடிகட்டுங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் நாறும். கண்ணில் பட்டால் எரியும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

அதே கொடியின் தளிர் ‘கின்முன்’ என்று கீரைக்காரியிடம் இருக்கும். புளிப்பு. மீன் குழம்பில் புளிக்குப் பதில் போட்டுப் பாருங்கள்.

தனக்கா கன்று வைத்தால் எத்தனை வருஷத்தில் கட்டை வெட்டலாம்?

பேரனுக்காக வையுங்கள். நல்ல பட்டை தர 35 வருஷமாவது ஆகவேண்டும் என்பார்கள். ஷ்வேபோ, பக்கொக்கு பக்கத்து வறண்ட மண் அதற்குப் பிடிக்கும், நம் ரங்கூன் சேறு பிடிக்காது. கட்டையாக வாங்கிக் கல்லில் இழையுங்கள்.

கரண்டு நிற்பதால் பிரிட்ஜை நம்ப முடியவில்லை. கடுகுக்கீரை ஊறுகாய்க்கு உப்பு அளவு சொல்லுங்கள். ஒருமுறை அழுகிவிட்டது. (தன்லின்)

சந்தையில் வீசைக் கணக்கில் வாங்குவீர்கள், அதிலேயே சொல்கிறேன். (வீசை நம் சொல்தான். ஆனால் சென்னை வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. ஊர் மாறியதில் எடை கூடிவிட்டது.) கீரையை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, வாடியபின் நிறுத்து, ஒரு வீசைக்கு 40 கிராம் உப்பு. நீர் விடும்வரை கையால் பிசையுங்கள். ஒரு கைப்பிடி ஆறிய சோற்றை மசித்துச் சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும்.

உங்களுடையது அழுகியதற்கு உப்பு காரணமாக இராது. ‘மேலே மிதந்த கீரை கறுத்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். ஜாடியில் அழுத்தி, மேலே கழுவிய கல்லை வைத்து, கீரை முழுவதும் நீருக்குள் இருக்கும்படி செய்யுங்கள். ஆற்றுக்கல் போதும். வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் வழித்துவிடலாம். பச்சையாக, கறுப்பாக, பஞ்சுபோல வந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள், மேலாக எடுத்துவிட்டு அடியில் உள்ளதைத் தின்ன வேண்டாம். மூன்றாம் நாள் ஒரு தண்டைக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று புளித்தால், கூனி இறாலும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி அன்றைய சோற்றுக்கு வைத்துவிடலாம்.