பெரிய சிமுலேஷன் டேட்டாவைத் திரையில் பார்ப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

டேட்டாவைப் படமாக்கும் பாராவியூ மென்பொருளோடும், பல கணினிகளை இணைத்த கிளஸ்டரோடும் பல வருடம் மல்லுக்கட்டியவன். கேம் கிராஃபிக்ஸ் எனக்குத் தெரியாது, அதைக் கேட்காதீர்கள்.

கே: 2048 கியூப் கிரிட், டர்புலன்ஸ் சிமுலேஷன். டேட்டாவை லேப்டாப்பில் இறக்கித் திறந்தால் அப்படியே உறைந்துபோகிறது. எவ்வளவு ரேம் போடலாம் சார்?

ப: ரேமை விடுங்கள். 2048-ஐ மும்மடியாகப் பெருக்கினால் சுமார் 859 கோடி புள்ளிகள். டபுள் பிரசிஷனில் புள்ளிக்கு 8 பைட். ஒரு மாறிக்கு, ஒரு டைம் ஸ்டெப்புக்கு மட்டும் 69 ஜிபி. திசைவேகத்தின் மூன்று கூறுகள், அழுத்தம், வெப்பநிலை என்று ஐந்து மாறி வைத்தால் 344 ஜிபி. நொடிக்கு 10 கிகாபிட் லைன் முழுசாகக் கிடைத்தாலும் அந்த ஒரு ஸ்டெப் வந்து சேர நாலரை நிமிடத்துக்கு மேல். ஆனால் உங்கள் திரையில் இருப்பதோ 20 லட்சம் பிக்சல்தான். சுருக்காமல் அனுப்பினாலும் 6 எம்பி.

ஆக, டேட்டா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், படம் மட்டும் வரட்டும். கிளஸ்டரில் பாராவியூவின் சர்வர் பகுதியான பிவிசர்வரை எம்பிஐயில் (பல பிராசஸ்கள் சேர்ந்து வேலை செய்யும் முறை) ஓட்டி, லேப்டாப் பாராவியூவை அதோடு இணையுங்கள். இரண்டிலும் ஒரே பதிப்பு வேண்டும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெட்டியெடுத்த பரப்பு சிறியதாக இருந்தால் அதை உருவாக்கும் முக்கோணங்களே லேப்டாப்புக்கு வரும். பரப்பின் டேட்டா அளவு ரிமோட் ரெண்டர் த்ரெஷோல்ட் என்ற வரம்பைத் தாண்டினால்தான் படமாக வரும். அந்த எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

கே: எச்டிஎஃப்5 (பெரிய அறிவியல் டேட்டாவைச் சேமிக்கும் வடிவம்) ஃபைலில் எக்ஸ்-ஒய் ஸ்லைஸ் உடனே வருகிறது, எக்ஸ்-இசட் ஸ்லைஸ் மட்டும் இழுக்கிறது.

ப: ஒவ்வொரு எக்ஸ்-ஒய் தளத்தையும் ஒரு சங்க்காக, அதாவது ஒரே துண்டாக, எழுதியிருப்பீர்கள். குறுக்கே வெட்டினால் எல்லா சங்க்கையும் தொட்டாக வேண்டும். 64 கியூப் சங்க்காக மாற்றி எழுதுங்கள். அது 2 எம்பி, எச்டிஎஃப்5-இன் 1.x பதிப்புகளில் சங்க்கை நினைவகத்தில் வைத்திருக்கும் சங்க் கேஷ் இயல்பாக 1 எம்பிதான், அதையும் கூட்டுங்கள்.

கே: 64 ஜிபி ரேம் போதுமா?

ப: முதல் பதில்.

கே: ஜெட் கலர்மேப்பில் (மதிப்புகளுக்கு வானவில் நிறம் தருவது) ஒரு மஞ்சள் வளையம் தெரிகிறது. ஷாக் அலையா?

ப: கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள். வளையம் மறைந்தால் அது வெறும் மஞ்சள், ஷாக் இல்லை. எத்தனை முறை சொல்வது? ரெயின்போ இல்லாத விளிம்பை வரைந்து காட்டும், இருக்கும் விளிம்பைப் பச்சைக்குள் ஒளித்துவைக்கும். இதை ஆய்வாளர்கள் போர்லண்டும் டெய்லரும் 2007-லேயே எழுதிவிட்டார்கள். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்கூட 2.0 பதிப்பில் இயல்பு நிறமாக இருந்த ஜெட்டைக் கைவிட்டு, விரிடிஸ் என்ற கலர்மேப்புக்குப் போனது.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறத்தைப் பார்த்து மதிப்பைப் படிக்க ரெயின்போதான் வசதி. விரிடிஸில் எல்லாம் ஒரே பச்சை.

ப: மதிப்பைப் படிப்பதற்கு என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்குக் கான்டூர் கோடு (ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் கோடு) போடுங்கள்; எண்ணே எழுதியிருக்கும். வடிவத்தைப் பார்க்க ரெயின்போ வேண்டாம்.

கே: அப்போ டர்போ என்ற இன்னொரு வானவில் கலர்மேப்?

ப: ஜெட்டைவிட எவ்வளவோ மேல், பொய் வளையம் குறையும். ஆனால் இரு முனையும் இருட்டு. கறுப்பு-வெள்ளையில் அச்சடித்தால் உச்சம் எது, பள்ளம் எது என்று நீங்களே திணறுவீர்கள்.

கே: சிமுலேஷன் ஓடும்போதே படமெடுத்துப் பார்க்க, பாராவியூவின் கேட்டலிஸ்ட் போடலாமா?

ப: போடலாம். என்ன பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஓட்டம் முடிந்தபின் "அந்த மூலையையும் பார்த்திருக்கலாமே" என்றால் டேட்டா இருக்காது. குறைந்த ரெசல்யூஷனில் ஒரு பிரதியாவது எழுதிவையுங்கள்.

கே: 128 ஜிபி?

ப: ...

கே: கொஞ்சம் துல்லியத்தை விட்டு டேட்டாவைச் சுருக்கும் இசட்எஃப்பி வைத்துச் சுருக்கினேன், படத்தில் வித்தியாசமே இல்லை. மூலத்தை அழித்துவிடலாமா?

ப: திசைவேகப் படத்தில் தெரியாது. வார்ட்டிசிட்டி (ஓட்டத்தின் சுழற்சி அளவு, திசைவேகத்தின் வகைக்கெழுவிலிருந்து வருவது) எடுத்துப் பாருங்கள்: வகைக்கெழு எடுக்கும்போது சின்னப் பிழையும் பெரிதாகும். அதைப் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.