கேளுங்க சொல்றேன்: மணிக்கு 350 பெட்டி, ஆகுற கதையா?

கேள்வி: பார்சல் ஹப்ல, அதான் பார்சலைப் பிரிச்சு அனுப்புற கிடங்குல, டிரெய்லர் லோடிங் வேலைக்கு சேந்து மூணு வாரம் ஆச்சு. மணிக்கு 350 பெட்டி ஏத்தணுமாம், நான் முக்கி முக்கி 220 தான் வருது. பக்கத்து டோர்ல (டிரெய்லர் வந்து நிக்கிற வாசல்) ஒருத்தர் அசால்ட்டா 400 அடிக்கிறார். எனக்கு இந்த வேலை ஒத்து வராதோ? (பெயர் வேண்டாம்)

பதில்: முதல்ல கணக்கைப் போட்டுடுவோம் தம்பி. மணிக்கு 350ன்னா ஒரு பெட்டிக்கு பத்து செகண்ட் சொச்சம், அதுக்குள்ள ரோலர்ல இருந்து இழுக்கணும், லேபிளைப் பாக்கணும், ஸ்கேன் அடிக்கணும், திரும்பணும், எந்த சந்துல நுழையும்னு கண்ணாலயே அளந்து வெக்கணும். பெட்டி சராசரியா 7 கிலோன்னு வெச்சாலும் மணிக்கு 2,450 கிலோ உங்க கை வழியா போகுது, நாலு மணி நேர ஷிப்ட்ல கிட்டத்தட்ட 10 டன். மூணே வாரத்துல 220 வருதுன்னா நீங்க ஒண்ணும் சோம்பேறி இல்ல.

அந்த 400 ஆளோட பெல்ட்ல என்ன வருதுன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா? ஒரு டோருக்கு செருப்பு டப்பா சைஸ்ல வரிசையா வரும், இன்னொரு டோருக்கு டயரும் இரும்பு பார்ட்ஸும் வரும், ஆனா கவுன்ட்ல ரெண்டும் ஒண்ணுதான். அதனால நம்பரை ஒப்பிடுறதுக்கு முன்னாடி பெட்டியை ஒப்பிடுங்க.

இன்னொண்ணு, புது ஆளுக்கு நேரம் போறது தூக்குறதுல இல்ல, யோசிக்கிறதுல. பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு எங்க வெக்கலாம்னு முழிச்சிட்டு நிப்போம் பாருங்க, அங்கதான் போகுது அஞ்சு செகண்ட். பழைய ஆள் டிரெய்லருக்குள்ள அடுக்குற பெட்டிச் சுவர்ல எப்பவுமே மூணு இடம் காலியா விட்டு வெச்சிருப்பான், கனமானதுக்கு கீழ ஒண்ணு, நடுத்தரத்துக்கு இடுப்பு உயரத்துல ஒண்ணு, லேசானதுக்கு மேல ஒண்ணு. அடுத்த பெட்டி எது வந்தாலும் அதுக்கு வீடு ரெடி. அப்புறம் கொத்தனார் செங்கல் வெக்கிற மாதிரி, கீழ ரெண்டு பெட்டி சேர்ற இடத்துக்கு மேலதான் அடுத்தது உக்காரணும். நான் லோடரா இருந்தப்ப அவசரத்துல நேருக்கு நேரா அடுக்கி, ஒரு நாள் தலை உயர சுவர் அப்படியே சாஞ்சுது, விழறதுக்கு முன்னாடி டேப் உரியிற மாதிரி ஒரு சின்ன சத்தம் கேட்டுது பாருங்க, அது இன்னும் காதுல இருக்கு. அன்னைக்கு ரேட்டைப் பத்தி, அதான் மணிக்கு எத்தனை பெட்டிங்கிற கணக்கைப் பத்தி, பேசவே வேணாம்.

கேள்வி: பெல்ட் ஜாம் ஆகி இருபது நிமிஷம் சும்மா நின்னோம், அதுக்கும் ரேட் குறைஞ்சுதுன்னு திட்டு விழுது சார்.

பதில்: உங்க ஹப்ல மொத்த பெட்டியை மொத்த மணி நேரத்தால வகுக்கிறாங்க, அதுல ஜாம், டிரெய்லர் மாத்துற நேரம் எல்லாம் உங்க தலையில விழுது. நின்ன நேரத்தையும் திரும்ப ஓடுன நேரத்தையும் பாக்கெட் நோட்டுல குறிச்சு வெச்சு, சண்டை போடாம அன்னைக்கே காட்டுங்க. அடுத்த வாரம் காட்டினா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: நான் சூப்பர்வைசர். டார்கெட் இல்லாம விட்டா யாரும் வேலை செய்ய மாட்டாங்க. டார்கெட் வெக்கிறதே பாவமா?

பதில்: பாவம் இல்லீங்க, ஆனா எப்படி வெக்கிறோம்ங்கிறதுல இருக்கு விஷயம். வேலையை ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்து டார்கெட் போடுற இந்த சமாச்சாரத்துக்கெல்லாம் மூத்தவர் அமெரிக்க இன்ஜினியர் பிரெடெரிக் டெய்லர், 1911ல அவர் எழுதின புத்தகத்துல, நாளைக்கு 12 டன் சொச்சம் இரும்புக் கட்டி சுமந்த ஆளை 47 டன் சுமக்க வெச்சேன்னு சொல்றார். கதையில அவர் கொஞ்சம் மசாலா தூவினதா பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க, அது போகட்டும். ஆனா அதே புத்தகத்துல, 92 பவுண்டு கட்டி தூக்குற ஆள் நாள்ல 43 சதவீத நேரம்தான் சுமையோட இருக்கலாம், மிச்சம் கை காலியா இருக்கணும்னும் எழுதியிருக்கார். 47 டன்னை எடுத்துக்கிட்ட முதலாளிங்க இந்த 43ஐ மட்டும் வசதியா மறந்துட்டாங்க!

அமெரிக்காவோட வேலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நியாஷ் 1991ல திருத்தின ஒரு தூக்கும் கணக்கு இருக்கு. எல்லாமே சாதகமா இருந்தா ஒரு ஆள் தூக்கலாம்னு அதுல வர்ற எடை 23 கிலோ, பெட்டி உடம்பை விட்டு 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே அது பாதி ஆயிடும், இடுப்பைத் திருப்பினா இன்னும் குறையும், நிமிஷத்துக்கு 15 தடவைக்கு மேல தூக்கினா விடை பூஜ்யம். டிரெய்லர் மூலையில குனிஞ்சு, கையை நீட்டி, முறுக்கி வெக்கிறோமே, அந்த பெட்டிக்கு என்ன வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க. கலிபோர்னியால 2022ல இருந்து பெரிய கிடங்குகள்ல டார்கெட்டை எழுத்துல குடுக்கணும், சாப்பாட்டு நேரத்தையும் பாத்ரூம் போறதையும் அது தடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. உங்க ஆளுங்ககிட்ட எழுதி குடுத்திருக்கீங்களா, இல்ல வாய்லதானா?

கேள்வி: கிளவுஸ் போட்டா வேகம் குறையுமா?

பதில்: மொத்தமான தோல் கிளவுஸ்னா குறையும். உள்ளங்கையில ரப்பர் பூசின மெல்லிசு ரகம் போடுங்க, பிடி நிக்கும். ரப்பர் வழுவழுன்னு ஆயிட்டா மாத்திடுங்க, வழுக்குறது அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.