சலூன்காரர் போட்ட வழக்கு

அன்புள்ள ஐயா,

வாஷிங்டன் நகரத்து டன்பார் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் கொடிகட்டிப் பறந்த அரசுப் பள்ளி, 1954இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்த நிறப் பிரிவினை ஒழிந்ததும் சரிந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் வழக்குப் போட்டதே தப்பா? நான் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் கண்டிப்பாக இருந்தால் பள்ளி நிமிரும். டன்பார் காட்டுவதும் அதுதானே?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

டன்பாரில் கண்டிப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் தலைமையாசிரியர் அறையை விட ஆசிரியர்கள் உட்காரும் அறையைப் பாருங்கள். விஷயம் அங்கே இருக்கிறது.

1870இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கிய பள்ளி அது. கறுப்பினத்தவருக்கென்று அமெரிக்காவில் வந்த முதல் அரசு உயர்நிலைப் பள்ளி. 1891இல் எம் (M) என்ற எழுத்தையே பெயராகக் கொண்ட தெருவுக்குப் போனது. 1916இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோதுதான் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயர் வைத்தார்கள்.

அன்னா ஜூலியா கூப்பர் என்றொரு டீச்சர். 1858இல் அடிமையாகப் பிறந்தவர். 1902இல் எம் தெருப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். கறுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும், லத்தீன் எதற்கு என்று பெரிய மனிதர்களே பேசிக்கொண்டிருந்த காலம். அவர் கேட்கவில்லை, லத்தீன் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்பினார். 1906இல் கல்வி வாரியம் அவரை மறுபடி நியமிக்கவில்லை. நாலு வருடம் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண லத்தீன் டீச்சராகத் திரும்பினார். 1925இல், 66 வயதில், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய பிறகும் போனது அதே வகுப்பறைக்குத்தான்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் அதிசயம் என்று விட்டுவிடலாம். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் அங்கே பாடம் நடத்தியவர். 1921இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் மூவர் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்றார்கள். அதில் இருவர் இந்தப் பள்ளியில் படித்தவர்கள், மூன்றாமவர் இங்கே ஜெர்மன் கற்பித்தவர். இவ்வளவு படித்தவர்கள் ஏன் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்? வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கு வேலை கிடையாது, அவ்வளவுதான். வாஷிங்டனில் வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பு ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம் என்பதும் சேர்ந்துகொண்டது. எந்தத் தலைமையாசிரியரின் கண்டிப்பும் இப்படி ஓர் ஆசிரியர் குழுவைக் கூட்டிக்கொண்டு வராது. கல்லூரிகள் கதவைச் சாத்தியதால் பள்ளிக்கு அடித்த யோகம் இது.

அந்த யோகமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா? டன்பாரில் டாக்டர் வீட்டு, வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை, கறுப்பு கூடுதலான ஏழைப் பிள்ளைக்கு வேறு மரியாதை என்ற புகார் உண்டு. (நிறம் பார்ப்பது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) அதே ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பிரௌன் நடுநிலைப் பள்ளியில் இடம் போதாமல் ஷிப்டு முறையில் வகுப்பு நடத்தினார்கள். கார்ட்னர் பிஷப் என்பவரின் மகள் அங்கே படித்தாள். பிஷப் சலூன் வைத்திருந்தவர். டன்பார் வட்டாரத்துப் பெரிய மனிதர்களோடு அவருக்கு ஒட்டவில்லை. 1947 டிசம்பரில் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராட்டம் நடத்தினார்.

அவருக்கு வக்கீலாக வந்தவர் யார் தெரியுமா? சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். எம் தெருப் பள்ளியில் 1911இல் படிப்பை முடித்து, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷலுக்கு ஆசிரியர். 1950 ஏப்ரலில் ஹூஸ்டன் இறந்துபோனார். சாகும் முன் பிஷப்பை ஜேம்ஸ் நாப்ரிட் என்ற வக்கீலிடம் அனுப்பிவைத்தார். நாப்ரிட், கறுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல தனிப் பள்ளி கேட்டு வழக்காட மாட்டேன், பிரிவினையே கூடாது என்றுதான் வாதாடுவேன் என்றார். அந்த செப்டம்பரில் பிஷப் 11 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வகுப்பறைகள் காலியாகக் கிடந்த வெள்ளையருக்கான சூசா நடுநிலைப் பள்ளிக்குப் போய் நின்றார். சேர்க்க மாட்டோம் என்றார்கள். அதில் பிறந்ததுதான் போலிங் வழக்கு. வாஷிங்டன் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று அதில் தீர்ப்பளித்தது.

டன்பாரின் பொற்காலத்தை முடித்த வழக்குக்கு வழி காட்டிவிட்டுப் போனது டன்பாரின் பிள்ளையே. நீங்கள் படித்த இடங்களில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். தீர்ப்புக்குப் பிறகு நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை எடுப்பது நின்று, சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கான பள்ளியானது. படித்தவர்களுக்கு வேறு வேலைகளும் மெல்லத் திறந்தன. பள்ளி சரிந்தது உண்மை. 1916இல் கட்டியதை 1977இல் இடித்தார்கள். அடுத்து வந்ததையும் இடித்து, 2013இல் புதிதாக ஒன்று திறந்தார்கள். வழக்குத் தப்பா என்று என்னைக் கேட்பதை விட, ஷிப்டில் படித்த அந்தப் பெண்ணின் அப்பாவை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எனக்குப் பதிலில் சந்தேகமில்லை.

பி.கு.: திருச்சிக்காரர் நீங்கள், அமெரிக்காவில் சொந்தம் இல்லாமல் இருக்காது. அவர்களிடம் பழைய அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் வாங்கிப் புரட்டுங்கள். விடுதலை மனித குலம் முழுமைக்கும் பிறப்புரிமை என்ற பொருளில் ஒரு வாசகம் உள்ளே அச்சிட்டிருக்கும். கீழே இருக்கும் பெயர் அந்த லத்தீன் டீச்சருடையது.